உழவரிடம் பாடம் கேட்ட அறிஞர்

கேமரன் மலை என்றதும் சுற்றுப்பயணிகளுக்குத் தேயிலையும் ஸ்ட்ராபெரிப் பழமும் நினைவுக்கு வரும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கோ, எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு துண்டுச் சரிவு நிலம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதில் என் பாட்டி சோளம், துவரை, மொச்சை, கீரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போட்டிருப்பார். எந்தச் செடி எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பள்ளி விடுமுறையில் அந்த நிலத்தைத் திருத்தப் புறப்பட்டேன். புத்தகத்தில் பார்த்த படங்களில் ஒரே பயிர் நேர்நேராக வரிசையில் நின்றது. பாட்டியின் நிலமோ எனக்குப் புதராகத் தெரிந்தது. துவரைச் செடிகளை வேரோடு பிடுங்கினேன். பாத்தி கட்டி சவிக் கீரையை மட்டும் நட்டேன். பை உரமும் போட்டேன். அந்த மழைக்காலத்தில் இரண்டே இரவுகளில் பாத்திகளும் மேல்மண்ணும் கரைந்து கீழே கானில் போய்ச் சேர்ந்தன. பாட்டி என்னைத் திட்டவில்லை. மழை விட்டதும் பழையபடி துவரை விதையை ஊன்றினார்.

ஏன் துவரை என்று அன்று நான் அவரைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய விடையைப் பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில், ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கையில் கண்டேன். அவர் பெயர் சர் ஆல்பர்ட் ஹாவர்ட். இயற்கை வேளாண்மையின் தந்தையருள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவர் தம் பாடங்களைக் கற்றது இந்திய உழவரிடம். அந்த வாழ்க்கையைப் பேரவை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஆல்பர்ட் ஹாவர்ட் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில், பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மண்ணும் மாடும் அவருக்குப் புத்தகத்துக்கு முன்பே அறிமுகம். பின்னர் லண்டனில் ராயல் அறிவியல் கல்லூரியிலும், கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்றார். 1896-இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறி, அடுத்த ஆண்டு வேளாண்மைப் பட்டயமும் பெற்றார்.

1899-இல் மேற்கிந்தியத் தீவுகளின் வேளாண் துறையில் பூஞ்சை நோய் வல்லுநராக அவருக்கு வேலை கிடைத்தது. பார்படோஸ் தீவில் தங்கிக் கரும்பைத் தாக்கும் நோய்களை ஆராய்ந்தார். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நோய்க்குப் பெயர் வைப்பதும், தோட்டக்காரர்களுக்கு மருந்து சொல்வதும் அவர் பணி. இங்கேதான் அவர் மனத்தில் முதல் ஐயம் எழுந்தது. பயிர் வளர்க்கத் தமக்கென்று ஒரு துண்டு நிலம்கூட இல்லை. தாம் சொல்லும் அறிவுரையைத் தாமே செய்துபார்த்ததும் இல்லை. அப்படியிருக்க, மண்ணில் உழைப்பவனுக்குத் தாம் எப்படி வழிசொல்வது? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

1903 முதல் 1905 வரை இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள வை வேளாண் கல்லூரியில் தாவரவியலாளராக இருந்தார். அங்கே ஹாப்ஸ் கொடியைப் பற்றிய ஆய்வு. பீர் தயாரிப்புக்கு வேண்டியது பெண் கொடியின் பூ மட்டுமே. எனவே, ஆண் கொடியை வீண் என்று கருதித் தோட்டங்களிலிருந்து அகற்றிவிடுவது வழக்கமாகியிருந்தது. ஆண் கொடியும் உடனிருந்து மகரந்தச் சேர்க்கை நடந்தால் பூக்கள் விரைந்து முற்றுகின்றன, நோயையும் நன்கு தாங்குகின்றன என்று ஹாவர்ட் காட்டினார். வீண் என்று நாம் பிடுங்கி எறிவது உண்மையில் வீண்தானா என்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே அந்த ஆய்வு தந்த படிப்பினை. இதைப் படித்தபோது நான் பிடுங்கிய துவரைச் செடிகள் என் கண்முன் வந்தன.

பூசாவில் புதிய ஆசிரியர்கள்

1905-இல் இந்திய அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராக அவர் நியமிக்கப்பட்டார். பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் அப்போது புதிதாக வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே 75 ஏக்கர் நிலம் அவர் பொறுப்பில் வந்தது. பார்படோஸில் ஏங்கிய நிலம் இப்போது கைக்குக் கிடைத்துவிட்டது.

பூசாவில் அவருடைய முதன்மையான பணி கோதுமை. அவரும் அவருடைய மனைவியும் சேர்ந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 முதலிய கோதுமை வகைகள் வட இந்தியாவில் பரவின. அரசாங்கத்தின் பார்வையில் அவர் புகழ் இந்தக் கோதுமையால் வந்தது. ஆனால் அவர் தம் சொந்த ஆர்வத்தால் தேடிச் சென்றது வேறொன்று. ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்கு வெளியே, பூசாவைச் சுற்றியிருந்த சிற்றூர்களில், உழவர்களின் பயிர் பூச்சியும் நோயும் இன்றி நின்றது. அவர்களிடம் பூச்சிமருந்து இல்லை. விலைக்கு வாங்கும் செயற்கை உரமும் இல்லை. பட்டம் பெற்ற அறிவியலாளர்களின் வயலில் வரும் தொல்லை, எழுத்தறியாத உழவரின் வயலில் ஏன் வரவில்லை?

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இப்படிக் கேட்பது எளிதன்று. உள்ளூர் உழவன் பழமையில் ஊறியவன், அவனுக்குக் கற்பிக்கவே நாம் வந்திருக்கிறோம் என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலம் அது. ஹாவர்ட் அதைத் தலைகீழாக்கினார். உழவரையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். உழவர் சரியான வழியைக் காட்டுவர். பூச்சியோ, நாம் தவறு செய்த இடத்தைக் காட்டும். சுமார் ஐந்து ஆண்டுகள் இப்படிப் பயின்ற பிறகு, மருந்து தெளிக்காமல் நலமான பயிரை வளர்க்கும் முறை தமக்குக் கைவந்துவிட்டதாக அவர் கருதினார்.

அடுத்து மாடுகளுக்கு வந்தார். ஆராய்ச்சி நிலையத்தின் பொது மாடுகளை வாங்கிக்கொள்ளாமல், தமக்கென்று ஆறு இணை உழவு மாடுகள் கேட்டுப் பெற்று, தம் நிலத்தில் விளைந்த தீவனத்தையே கொடுத்து வளர்த்தார். பக்கத்துப் பண்ணையில் கோமாரி நோய் பரவிய காலத்தில் அவருடைய மாடுகள் வேலிக்கு மேலாக நோயுற்ற மாடுகளோடு மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன. ஆயினும் அவருடைய மாடுகளுக்கு நோய் வரவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். நலமான மண், நலமான பயிர், நலமான கால்நடை, நலமான மனிதர் என்னும் சங்கிலி அவர் சிந்தனையில் இவ்வாறு உருப்பெற்றது.

துவரையின் வேர்

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான துவரைக்கு வருகிறேன். இந்திய உழவர்கள் மானாவாரி நிலத்தில் ஒரே பயிரைத் தனியே விதைப்பது குறைவு என்பதை ஹாவர்ட் கூர்ந்து கவனித்தார். கோதுமையோடு கடலை, சோளத்தோடும் கம்போடும் துவரை என்று, தானியத்தையும் பருப்பையும் கலந்தே விதைத்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் பலருக்கு இது ஒழுங்கின்மையாகத் தெரிந்தது. ஹாவர்டுக்கு இது காட்டைப் பார்த்துக் கற்ற முறையாகத் தெரிந்தது. காட்டில் ஒரே வகை மரம் மட்டும் நிற்பதில்லை. பலவகைச் செடிகள் கலந்து நிற்கின்றன. நிலம் ஒருநாளும் வெறுமையாகக் கிடப்பதில்லை.

துவரை ஓராண்டுப் பயிர்போல் வளர்க்கப்பட்டாலும், இயல்பில் அது பல ஆண்டு நிற்கக்கூடிய குறுஞ்செடி. அதன் தாயகமும் இந்தியாவே. விதைத்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் அது மேலே மெல்ல வளர்கிறது; அந்த நேரத்தில் பக்கத்துத் தானியத்தோடு போட்டியிடுவதில்லை. ஆணிவேரோ ஆழமாக இறங்குகிறது. தானியம் அறுவடையான பிறகு, அடிமண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டு துவரை தழைத்துக் காய்க்கிறது. ஒரே மழை, ஒரே நிலம், இரண்டு அறுவடை. உதிரும் இலை மண்ணுக்குத் தழையுரம். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. ஹாவர்ட் பயிர்களின் வேர்களை மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர். துவரையின் வேர் இறுகிய அடிமண்ணை உடைத்துக் காற்றுக்கும் நீருக்கும் வழி செய்கிறது என்றும், பெரும் செலவில் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை இச்செடி செலவில்லாமல் செய்கிறது என்றும் அவர் கண்டார்.

ஹாவர்ட் கண்ணால் கண்டதற்குப் பிற்காலத்து அறிவியல் மேலும் காரணங்களைக் கண்டுபிடித்துள்ளது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய அனைத்துலக வறட்சிப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜப்பானிய ஆய்வாளர்கள், 1990-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இரும்போடு இறுகிக் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைத் துவரையின் வேர் ஒருவகை அமிலத்தைச் சுரந்து விடுவிக்கிறது என்பதே அது. மற்றப் பயிரால் எடுக்க முடியாத சத்து இதனால் மண்ணின் சுழற்சிக்கு வருகிறது.

ஆழ வேரூன்றும் செடிகளுக்கு இன்னொரு பண்பும் உண்டு. பகலில் இலைகள் நீரை இழுக்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடியதும், ஆழத்து ஈரமண்ணிலிருந்து வேர் வழியே மேலேறும் நீரில் ஒரு பகுதி வறண்ட மேல்மண்ணில் கசிகிறது. 1987-இல் அமெரிக்காவின் வறண்ட நிலத்துப் புதர்ச்செடியில் இது தெளிவாகப் பதிவானது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் உழவர்கள் கம்பு வயலில் தானாக முளைக்கும் நாட்டுப் புதர்களை விதைப்புக்கு முன் வெட்டி எரித்துவந்தார்கள். அமெரிக்க, செனகல் ஆய்வாளர்கள் அவற்றை எரிக்காமல், எண்ணிக்கையைக் கூட்டி, தழையை வெட்டி மண்ணிலேயே பரப்பிப் பல ஆண்டுகள் சோதித்தனர். கம்பின் விளைச்சல் கூடியது. மழை பொய்த்த நாட்களில், புதரின் வேர் மேலே கொண்டுவந்த நீர் பக்கத்துக் கம்புப் பயிருக்குப் போய்ச் சேர்ந்ததும் 2018-இல் வெளியான ஆய்வில் உறுதியானது.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. இந்திய, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பெங்களூரிலும் கொல்லிமலையிலும் கேழ்வரகோடு துவரையைச் சேர்த்து நட்டுச் சோதித்துள்ளனர். அவர்கள் கண்ட முடிவை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வறட்சியில் துவரை கேழ்வரகுக்குத் துணை நிற்கிறது; ஆனால் நீர் தாராளமாக உள்ள இடத்தில் இரண்டும் போட்டியிடுகின்றன. ஆகவே எத்தனை செடி, எவ்வளவு இடைவெளி, எந்த மண் என்பதை அறிந்து செய்ய வேண்டும். அந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தவர்கள்தாம் ஹாவர்ட் போற்றிய உழவர்கள்.

உடனிருந்த அறிஞர் கேப்ரியல்

ஹாவர்டின் வாழ்க்கையைச் சொல்லும்போது கேப்ரியல் அம்மையாரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது முறையன்று. கேப்ரியல் மத்தாய், ஹாவர்டை 1905-இல் மணப்பதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் பெயர் பெற்ற தாவர அறிவியலாளர். இலைகள் உணவு தயாரிக்கும் வேகத்தை வெப்பநிலை எவ்வாறு மாற்றுகிறது என்பது பற்றி அவர் செய்த ஆய்வு இன்றும் அத்துறை வரலாற்றில் இடம்பெறுகிறது. திருமணத்துக்குப் பின் பூசாவில் கணவருக்கு இணையாக உழைத்தார். கோதுமை, அவுரி, பழப்பயிர் ஆகியவை பற்றிய அறிக்கைகள் இருவர் பெயரிலும் வெளிவந்தன. 1913-இல்தான் அவருக்கு இரண்டாம் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற அரசுப் பதவி கிடைத்தது.

பீகாரில் அவுரிச் செடி வாடிப் போனபோது, அதற்குக் காரணம் கிருமி அன்று, மழைக்காலத்தில் மண்ணுக்குள் காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறுவதே என்று இருவரும் காட்டினர். மண்ணுக்கும் மூச்சு உண்டு என்ற எண்ணம் ஹாவர்டின் பிற்காலப் பணி முழுதிலும் ஓடுகிறது. அதில் கேப்ரியலின் பங்கு எவ்வளவு, ஆல்பர்ட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. 1930-இல் கேப்ரியல் காலமானார். அவருடைய தங்கை லூயிஸ், ஜெனிவாவில் அனைத்துலகத் தொழிலாளர் அலுவலகத்தில் பணியாற்றியவர். 1931-இல் ஹாவர்ட் அவரை மணந்தார். ஹாவர்டின் இந்தியப் பணியைப் பற்றி 1953-இல் நூல் எழுதி அவர் நினைவைக் காத்தவரும் லூயிஸ் அம்மையாரே.

இந்தூரும் மக்கு உரமும்

பூசாவில் ஒவ்வோர் அறிவியலாளரும் தத்தம் துறைக்குள் சுவர் எழுப்பிக்கொண்டு வேலை செய்வது ஹாவர்டுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் பூச்சியைப் பார்ப்பார். ஒருவர் பூஞ்சையைப் பார்ப்பார். ஒருவர் மண்ணின் வேதியியலைப் பார்ப்பார். பயிரை முழுதாகப் பார்ப்பவர் யாருமில்லை. எனவே, மத்திய இந்தியாவில் இந்தூர் நகரில் பருத்தி வரிப்பணத்தின் உதவியோடும் சமஸ்தானங்களின் ஆதரவோடும் புதிய ஆய்வு நிலையம் அமைத்து, 1924 முதல் 1931 வரை அதன் இயக்குநராக இருந்தார்.

அங்கேதான் இந்தூர் முறை என்று பெயர்பெற்ற மக்கு உரம் உருவானது. பயிர்க்கழிவு, களை, சருகு ஆகியவற்றை அடுக்கி, சாணமும் மாட்டுக்கொட்டில் மண்ணும் மரச்சாம்பலும் கலந்து, அளவாக நீர் தெளித்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மூன்று முறை புரட்டிப்போட வேண்டும். காற்றும் ஈரமும் சரியாக இருந்தால் முதலில் பூஞ்சையும் பின்னர் நுண்ணுயிர்களும் வேலைசெய்து, குப்பை கருநிறமான இலைமக்காகிறது. இந்திய உழவரின் அனுபவத்தோடு, சீன உழவர்கள் நூற்றாண்டுகளாகக் குப்பையை உரமாக்கிவந்த முறையும் இதற்கு வழிகாட்டியது. இதனை விளக்கும் நூலை 1931-இல் தம் இந்திய உடன்பணியாளர் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார்.

இந்தூரில் அவர் செய்த இன்னொரு காரியம் தோட்டத்துப் பிள்ளையாகிய என்னைக் கவர்ந்தது. கூலியாட்களின் வேலை நேரத்தைக் குறைத்தார். கூலியைத் தவணை தவறாமல் கொடுக்க ஏற்பாடு செய்தார். களைத்துப்போன உடலிலிருந்து நல்ல வேலை வராது, அஞ்சி நிற்பவனிடமிருந்து நல்ல யோசனை வராது என்பது அவர் கருத்து. இந்தியத் தொழிலாளரிடம் செய்துபார்த்த இந்த முயற்சியை அனைத்துலகத் தொழிலாளர் ஏடு ஒன்றில் கட்டுரையாகவும் எழுதினார்.

தேயிலை மலைகளில் ஹாவர்ட்

1931-இல் ஹாவர்ட் இந்தியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். 1934-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு அவருடைய முறையை முதலில் ஏற்றுக்கொண்டவை கென்யாவின் காப்பித் தோட்டங்களும், இந்தியா, இலங்கை நாடுகளின் தேயிலைத் தோட்டங்களும். 1937 இறுதியிலும் 1938 தொடக்கத்திலும் அவர் இவ்விரு நாடுகளின் தேயிலைப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்தார்.

அவர் சிறப்பாகக் குறிப்பிட்ட இடங்களுள் ஒன்று, மூணாறு மலையில் உள்ள நல்லதண்ணி. அந்தத் தோட்டத்தில் மக்கு உரத்துக்கென்று பெரிய அளவில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டிருந்தது. ஊர்ப் பெயரே தமிழ். அங்கே சருகு சுமந்தவர்களும் குவியலைப் புரட்டியவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து மலையேறிய தொழிலாளர்கள். இலங்கை மலையகத்திலும் அப்படியே. ஹாவர்டின் நூலில் தோட்ட நிர்வாகிகளின் பெயர்களும் கம்பெனிகளின் பெயர்களும் இருக்கின்றன. குவியலைப் புரட்டிய கைகளின் பெயர்கள் இல்லை. உழவரைப் பேராசிரியர் என்று மதித்த அவர்கூட, அந்தப் பேராசிரியர்களுள் ஒருவரின் பெயரையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. அவர் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆயினும் இந்தக் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தேயிலை தனிப்பயிர். ஆயினும் நிழல்மரமும், தேயிலை வரிசைகளுக்கிடையே கொழிஞ்சி, சணப்பை இனத்துச் செடிகளும் வளர்த்தால் தோட்டம் காட்டின் இயல்பை ஓரளவு பெறுகிறது. புதிதாக நட்ட தோட்டத்தில் தேயிலை படர்ந்து மண்ணை மூடும்வரை மழையிலிருந்து மண்ணைக் காப்பது இந்தச் செடிகளே. கவாத்து வெட்டிய கிளைகளை எரிக்காமலும் அள்ளிச் செல்லாமலும் மண்ணிலேயே விட்டால், செடி எடுத்ததில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்புகிறது. தேயிலையின் நுனிவேர்களில் பூஞ்சை இழைகள் கூட்டு வாழ்க்கை நடத்துவதையும், இலைமக்கு நிறைந்த மண்ணில் அக்கூட்டு செழிப்பதையும் ஹாவர்ட் பெரிதும் வலியுறுத்தினார்.

ஹாவர்ட் இந்தூரில் குவியல்களைப் புரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவில் தேயிலை நட்டவர்களுள் நம்மவர் பலர். அவர்களின் வழிவந்தவர்களே என்னைப் போன்றோர்.

இறுதிக் காலமும் மதிப்பீடும்

1940-இல் ஹாவர்டின் புகழ்பெற்ற நூலான வேளாண்மை மரணசாசனம் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் அப்படிச் சொல்லலாம். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அந்நூலின் சாரம். அமெரிக்காவில் ஜே. ஐ. ரோடேல் 1942-இல் இயற்கை வேளாண்மை இதழ் தொடங்கவும், இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் அம்மையார் 1943-இல் மண்ணைப் பற்றிய தம் நூலை வெளியிடவும் ஹாவர்டின் கருத்துகளே தூண்டுகோலாயின.

அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை. நோய் எல்லாவற்றுக்கும் மண்ணின் குறைபாடே வேர் என்று அவர் எழுதியபோது, சான்றுக்கு அப்பால் போய்விட்டார். எதிர்க்கருத்துச் சொன்ன அறிவியலாளர்களைக் கடுமையாகத் தாக்கினார். அவர்களும் அவரைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கினர். கோமாரி நோய் ஒரு வைரஸால் பரவுகிறது. நல்ல தீவனம் மட்டும் அதைத் தடுத்துவிடாது என்பதை இன்று அறிவோம். ஆயினும் மண் உயிருள்ளது, இலைமக்கு இல்லாத மண் மெல்லச் சாகும், கலப்புப் பயிர் அறியாமையின் விளைவன்று என்று அவர் சொன்னவை காலத்தை வென்று நிற்கின்றன. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் லண்டனில் அவர் காலமானார். அவருக்கு வயது 73.

நம் மண், நம் கேள்வி

ஹாவர்டைப் படித்த பின் கேமரன் மலையை வேறு கண்ணால் பார்க்கிறேன். எங்கள் மலை வறண்ட நிலமன்று; ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும். வறண்ட நிலத்தில் நீரைத் தேடி இறங்கும் அதே வேர், இங்கே மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. வேரும் இலைமூட்டமும் இல்லாத சரிவில் என்ன நடக்கும் என்பதற்கு ரிங்லெட் ஏரியே சாட்சி. 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அணையின் ஏரி, மலையில் திறந்துபோடப்பட்ட நிலங்களிலிருந்து அரித்துவரப்பட்ட மண்ணால் பெருமளவு தூர்ந்துபோனது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலை, பெருமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மேல்மண் போனால் போகட்டும் என்று நாம் இருக்கும்போது, அது கீழே உள்ளவர்களின் வீட்டுக்குத்தான் போகிறது. அன்று நான் பிடுங்கிய சில துவரைச் செடிகள் ஒரு சிறு பாத்தியின் மண்ணைத்தான் இழக்கச் செய்தன. ஆனால் அதே எண்ணம் மலை முழுதும் பரவினால் விளைவு என்ன என்பதை எங்கள் மக்கள் கண்ணால் கண்டார்கள்.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் அறிவியல் தமிழ் நின்றுவிட்டது. தேசிய இடைநிலைப்பள்ளியில் ஊடுபயிரைத் தானாமான் செலிங்கான் என்று படித்தேன். பல்கலைக்கழகத்தில் அதையே ஆங்கிலத்தில் படித்தேன். மூன்றாவதாக ஒரு சொல் என் வீட்டிலேயே இருந்தது. பாட்டி அதைக் கலப்பு என்பார். மூன்றும் ஒன்றே என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வுக்குப் படித்த அறிவும் வீட்டில் இருந்த அறிவும் சந்திக்காமலேயே போயிருக்கும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் முன் உட்கார்ந்தேன். ஏன் துவரை என்ற பழைய கேள்வியைக் கேட்டேன். அவருடைய தகப்பனார் சேலம் பக்கத்து மானாவாரிக் காட்டில் கேழ்வரகுக்கு ஊடே துவரையும் மொச்சையும் போட்டவர் என்றும், மலாயாவுக்கு வந்த பின் லயத்து மண்ணிலும் அதையே செய்தார் என்றும் சொன்னார். எத்தனை அடிக்கு ஒரு செடி, எந்த மாதம் தழையை ஒடித்துப் போடுவது, சரிவின் எந்தப் பக்கம் முதலில் நடுவது என்று அவர் சொல்லச் சொல்ல ஏழு பக்கங்கள் எழுதினேன். சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

ஹாவர்ட் ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கப்பலேறி வந்து, அயல்மொழி பேசும் உழவரிடம் கேட்டறிந்தார். நமக்கோ கப்பலும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். தோட்டங்களில் இன்று நம்மவர் குறைந்து, வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் கொழுந்து எடுக்கிறார்கள். லயங்களில் இருந்த முதியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து மறைவது வெறும் பழங்கதை மட்டுமன்று. சோதித்துத் தெளிந்த அறிவும் மறைகிறது. எனவே, பேரவை அன்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். வீட்டின் பின்புறம் நிற்கும் செடிகளின் பெயர்களைக் கேளுங்கள். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்றும் கேளுங்கள். சொன்னவரின் பெயரையும் மறவாமல் எழுதி வையுங்கள்.